அந்த அறையில் நான் அடித்த ஜோக்

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஆபீஸில் பெரிய ஆட்கள் எல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வெளியே வேலை செய்கிறவர்களை வரிசைப்படுத்துவார்கள். யார் முன்னால், யார் நடுவில், யார் கடைசி என்று. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது எதுவும் கேட்காது. உதடுகள் அசைவதும் சமோசா தட்டு உள்ளே போவதும் மட்டும் தெரியும். நான் ரொம்பக் காலம் வெளியே இருந்தவன். தட்டு திரும்பி வரும்போது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் அக்கறை முடிந்துவிடும்.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். எனக்கே அது இன்னும் ஆச்சரியம்தான். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. நான் அதற்கு முன்பே கணக்கைக் கைவிட்டிருந்தேன். எங்களுக்குப் பெங்களூர் ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு, அப்பாவுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. தெருவில் சும்மா சுற்றாதே என்று ஆடுகோடியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டார். முதலில் பெட்டிக்குள் இருக்கும் தூசியை ஊதுகிற வேலைதான். ஊதி ஊதி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கிற ஆசை வந்தது. அப்படியே புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. உடைத்தேன், திட்டு வாங்கினேன், ஒட்டவைத்தேன்.

ஒருநாள் பிரிண்டர் சரிசெய்யப் போன சின்னக் கம்பெனியிலேயே வேலைக்கு ஒட்டிக்கொண்டேன். லாரி டிரைவர்களின் போனுக்கு, இந்தக் கிடங்கில் லோடு ஏற்று, அந்த ஊரில் இறக்கு என்று செய்தி அனுப்புகிற சாஃப்ட்வேர்தான் அவர்கள் தொழில். அதன் முதல் வடிவத்தை எழுதியது நான். அது எப்படி ஓடுகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் என்னை யாராலும் அனுப்பவும் முடியவில்லை. கம்பெனி பெரிதாகி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனது, கண்ணாடிக் கட்டடம் வந்தது, ஆட்களை ஏற்றிவர கேப் வந்தது. நானும் லிஃப்டில் தூங்கிப்போன ஆள் மாதிரி மேல் மாடியில் போய் இறங்கினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் இன்ஜினியரிங் ஹெட் என்கிறார்கள். இன்ஜினியரிங் காலேஜ் வாசலில் டீ குடித்திருக்கிறேன். அதைத் தாண்டி எனக்கும் அந்தப் படிப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

அந்த அறையில் இருந்த மற்ற ஹெட்கள் எல்லாம் பெரிய காலேஜ். பேச்சு முழுக்க இங்கிலீஷ். (அங்கே பேசியதை எல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். அப்போது என் வாயிலிருந்து வந்த இங்கிலீஷை அப்படியே எழுதினால் இந்தக் காகிதமே என்மேல் கேஸ் போடும்.) முதல் கூட்டத்தில் என்னிடம் ஏதோ கேட்டார்கள், எனக்குப் பாதி புரியவில்லை. "ஸார், நான் டென்த் ஃபெயில். என்கிட்ட கேக்கறதும் வாட்ச்மேன்கிட்ட கேக்கறதும் ஒண்ணு. அவராவது யூனிஃபார்ம் போட்டிருக்காரு" என்றேன். அறையே சிரித்தது. கேள்வி அப்படியே காற்றில் கரைந்து போனது. அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது அந்த வழி. அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்வரை என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டுதான் கதவைத் தள்ளுவேன். சிரிப்புச் சத்தம் வந்தால், பிஸ்கெட் கிடைத்த நாய் மாதிரி எனக்கு வாலாட்டத் தோன்றும்.

என் டீமில் ஒரு பெண் இருந்தாள். கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், கல்யாணமாகி ஆடுகோடியில் மாமியார் வீட்டில் இருந்தாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பேச்சு கம்மி, வேலை சுத்தம். நான் எழுதின பழைய சாஃப்ட்வேர் பண்டிகைக் காலம் வந்தால் மூச்சுத் திணறும். லோடு அதிகம், செய்திகள் ஒன்றின்மேல் ஒன்று குவியும், கடைசியில் எல்லாம் நின்றுபோகும். டிரைவர்கள் ஓசூர் ரோட்டில் லாரியை ஓரங்கட்டிவிட்டு எங்களுக்குப் போன் போட்டு, என் பிறப்பைப் பற்றிய தங்கள் கருத்துகளைச் சொல்வார்கள். அந்த இடத்தை மொத்தமாகப் பிரித்து மறுபடி கட்டியவள் அவள்தான். செய்திகள் வரிசையில் நின்று, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை போகிற மாதிரி செய்தாள். அடுத்த தீபாவளிக்கு எதுவுமே நடக்கவில்லை. நாங்கள் அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம்.

அவள் செய்த வேலைக்கு அடையாளம் அதுதான். எதுவும் நடக்காது.

அந்த வருடம் அவள் டீம் லீட் ஆக வேண்டும். அதற்கு வரிசையில் மேலே வர வேண்டும். லீட் பதவி அவளுக்குப் பெருமைக்காக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆபீஸில் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சாஃப்ட்வேர் கெட்டுப்போனால் கத்துகிற ட்யூட்டி போன் ஒன்று உண்டு. இன்ஜினியர்கள் முறை போட்டு அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். லீட் ஆகிவிட்டால் அந்த முறை கிடையாது. அவளுக்கு அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த ஒரு குழந்தை. போன் கத்தினால் குழந்தை எழும், குழந்தை எழுந்தால் மாமியார் எழுவார், மாமியார் எழுந்தால் வேலையை விடுகிற பேச்சு எழும். "இந்த வருசம் லீட் ஆயிடுவேன், அப்புறம் போன் வராதுன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்ணா" என்று ஒருநாள் சொன்னாள். "ஆயிடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். சுலபமாகச் சொன்னேன். அவள் வேலை அப்படி. நான் கெடுத்தால் ஒழிய எதுவும் கெடாது என்று நினைத்தேன். அது உண்மைதான்.

கூட்டம் நடந்த நாள் அவளுக்காகச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். இங்கிலீஷில், குளியலறையில், கண்ணாடிக்கு முன்னால். அந்த அறைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஹெட்டும் தன் ஆட்களுக்காகப் பேசுவார், மற்ற ஹெட்கள் குறுக்கே கேட்பார்கள், கடைசியில் எங்கள் எல்லாருக்கும் மேலே இருக்கிற பெரிய ஸார் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையோடு அந்த ஆளின் இடம் முடிவாகிவிடும். எனக்கு முன்னால் மூன்றாவது மாடி ஹெட் பேசினார். மைசூர்க்காரர், கன்னடம் கலந்து நல்ல தமிழும் பேசுவார், என்னை "குரு" என்றுதான் கூப்பிடுவார். தன் ஆள் ஒருவனைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால், அந்தப் பையன்தான் பெங்களூருக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தான் என்று நினைக்கத் தோன்றும்.

அடுத்து மறுபடி என் முறை வந்தது. அவள் பேரைச் சொன்னார்கள். பெரிய ஸார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவங்களை நான் பாத்ததே இல்லையே. யாரு?" என்றார்.

மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாய் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

"ஸார், நீங்க பாக்காததுல தப்பே இல்ல. அந்தப் பொண்ணு ஆபீஸ்ல இருக்காளா லீவுல இருக்காளான்னு எனக்கே தெரியாது. மேசைமேல டிபன் டப்பா இருந்தா வந்திருக்கான்னு அர்த்தம்."

மூன்றாவது மாடி ஹெட் மேசையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சமோசாவை வாயில் வைத்தபடி சிரித்துப் புரையேறினார். நானும் சிரித்தேன். ஒரு நிமிடம் அந்த அறை எனக்குச் சொந்தமாக இருந்தது.

நான் சொல்ல நினைத்தது என்னவென்றால், அவள் வேலை பார்க்கிற இடத்தில் எதுவும் கெட்டுப்போவதில்லை, அதனால் அவளைத் தேடிப்போக வேண்டிய அவசியமே வருவதில்லை என்பதுதான். அடுத்த வாக்கியத்தில் அதைச் சொல்லலாம் என்று இருந்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் பெரிய ஸார் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டார். "அப்போ இன்னும் கொஞ்சம் முன்னால வந்து வேலை செய்யணும். ஆள் தெரியணும் இல்லையா? நடுவுல வைங்க. லீட் அடுத்த வருஷம் பாப்போம். சரிதானே?" என்று என்னைக் கேட்டார்.

சரியில்லை என்று சொல்ல வேண்டியவன் நான்தான். அந்த அறையில் வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. நான் இன்னும் சிரித்த முகத்தோடுதான் இருந்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி மறுத்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்து, எப்படியாவது அவளிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாளை என்றேன். நாளை வந்ததும் நாளை மறுநாள் என்றேன். மூன்றாவது மாடி ஹெட் எனக்கு அந்தச் சிரமமே வைக்கவில்லை. கேன்டீனில் சாம்பார் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர், நல்ல மனுஷன்தான், சிநேகமாகத்தான், "ஏனம்மா, இன்னிக்கு டிபன் டப்பா மேசைமேல வெச்சிட்டு வந்தியா? இல்லாட்டி உன் ஹெட் உனக்கு லீவு போட்டுடுவாரு" என்று சொல்லி, நான் சொன்னதை அப்படியே நடித்தும் காட்டியிருக்கிறார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அன்று மதியம் அவள் என் அறைக்கு வந்தாள். கதவை மூடிவிட்டு நின்றாள்.

"உக்காரும்மா."

"பரவால்ல ஸார்."

ஸார் என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நான் லீவுல இருக்கனா ஆபீஸ்ல இருக்கனான்னு உங்களுக்குத் தெரியாதாமே ஸார்."

"அது வந்தும்மா... நான் சொல்ல வந்தது வேற..."

"லீட் வந்துச்சா வரலியா, அத மட்டும் சொல்லுங்க."

"வரல."

"சரி." கதவுப் பக்கம் போனவள் திரும்பினாள். "போன வாரம் டேபிளாண்ட வந்து என் டப்பாலேர்ந்து எலுமிச்ச சாதம் எடுத்துத் தின்னீங்களே ஸார். அப்ப தெரிஞ்சுதா நான் வந்திருக்கேன்னு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதும் வெட்கமில்லாமல் ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்து நின்றது. நல்லவேளை, முழுங்கிவிட்டேன். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அடித்துச் சாத்தியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. சரிசெய்வது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்காவது பழுது இருந்தால் கையை விட்டு நானே பிரிப்பேன். அவளுக்குக் கஷ்டம் எது? ட்யூட்டி போன். அப்போ போனை நானே வாங்கிக்கொண்டால் போச்சு. ஹெட் ஆனவன் முறை போட்டுக்கொண்டதாக எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் கிடையாது. நான் பெரிய தியாகி மாதிரி, அவள் முறை வந்த வாரக் கடைசியில் அவள் மேசையிலிருந்து போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இந்த வாரம் நான் பாத்துக்கறேன், நீ குழந்தையோட இரு" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை. நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவில் மச்சான் பையனுக்குக் காதுகுத்து. கல்யாண மண்டபத்தில் கறிச்சோறு. இலைமுன் உட்கார்ந்து முதல் உருண்டையை வாயருகே கொண்டுபோனேன், பைக்குள் போன் அலறியது. இடது கையால் லேப்டாப்பை எடுத்து மடியில் விரித்தேன். லாரிகளுக்கு எதுவும் போகவில்லை, செய்திகள் வரிசையில் தேங்கி நிற்கின்றன என்று காட்டியது.

என் பெண்டாட்டி பக்கத்து இலையிலிருந்து, "ஏங்க, எல்லாரும் பாக்கறாங்க. இலைய மூடிட்டாவது பொட்டியத் தட்டுங்க" என்றாள்.

பரிமாறிக்கொண்டிருந்த மச்சான் குழம்பு வாளியோடு நின்றுவிட்டான். "மாமா, நீங்க இப்ப பெரிய ஆபீஸர்னு அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கு. சண்டேல சோத்தாண்ட உக்காரவெச்சு வேல வாங்கறாங்க. இன்னா ஆபீஸரோ போங்க."

"டேய், நான் இல்லன்னா லாரி ஓடாதுடா" என்றேன். ரொம்ப நாள் கழித்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதுதான் எனக்குத் தெரிந்த வேலை. கண்ணாடி அறை இல்லை, இங்கிலீஷ் இல்லை, ஒரு பழுது, ஒரு நான். என் பழைய வைத்தியத்தைச் செய்தேன். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். தேங்கி நின்றது எல்லாம் சரசரவென்று போய்விட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன்.

பாயசம் வருவதற்குள் போன் மறுபடி கத்த ஆரம்பித்தது. இந்தமுறை நிற்கவே இல்லை. என்ன நடந்தது என்றால், செய்திகள் கெட்டுப்போய் நிற்கவில்லை. ஏதோ ஒரு பக்கம் சந்தேகம் வந்தால், சரிபார்க்கிறவரை காத்திரு என்று அவள்தான் அப்படிக் கட்டியிருந்தாள். நான் பிடித்துத் தள்ளியதில், ஏற்கெனவே போன செய்திகளும் இன்னொரு தடவை போய்விட்டன. ஒரே லோடுக்கு இரண்டு லாரி. ஓசூர் கிடங்கு வாசலில் இரண்டு டிரைவர்கள் ஒரே மூட்டைகளுக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகக் கிடங்குக்காரர் போனில் கத்தினார். எனக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. நான் பெற்ற சாஃப்ட்வேர், இப்போது என்னை யார் என்று கேட்டது.

கைகழுவுகிற குழாய்ப் பக்கம் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்றாள் எடுத்ததுமே.

"ஆமாம்மா."

பெருமூச்சு விட்டாள். "நீங்க எதுவும் தொடாதீங்க. லேப்டாப்ப மூடி வெச்சிடுங்க. நான் பாத்துக்கறேன்." நான் குழாயடியிலேயே நின்றேன். மண்டபத்தில் மொய் எழுதி முடித்து ஆட்கள் கிளம்பும்போது, சரியாகிவிட்டது என்று ஒரு செய்தி அனுப்பினாள். என் பெண்டாட்டி சேலைத் தலைப்பால் என் தோளில் இருந்த குழம்புக் கறையைத் துடைத்துக்கொண்டே, "லாரி ஓடிச்சா?" என்றாள். "ஓடிச்சு" என்றேன். "ரெண்டு ரெண்டா ஓடிச்சு."

திங்கட்கிழமை நானே அவள் மேசைக்குப் போனேன். போனைத் திருப்பி வைத்தேன். டப்பா பக்கம் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடும்மா. உனக்கு உதவியா இருக்கும்னுதான்..."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "ஸார், ஒண்ணு கேக்கட்டா? நான் உங்கள போன் எடுத்துக்கச் சொன்னனா?"

"இல்ல."

"போன நான் இத்தன வருசம் பாத்துக்கினுதான் இருக்கேன். அது என் வேல. எனக்குத் தெரியும். அந்த ரூமுக்குள்ள என்னால வரமுடியாது. அங்க எனக்கோசரம் பேசறதுக்கு இருந்தது நீங்க ஒருத்தர்தான். அத விட்டுட்டு என் வேலைய எடுத்து நீங்க செய்றீங்க. அதுவும் ஒழுங்கா செய்யல." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் பயந்துபோனாள் என்று நினைக்கிறேன். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து மேசைப் பையன்கள் எல்லாம் திடீரென்று மும்முரமாக வேலை செய்தார்கள். என் காது இரண்டும் கொதித்தன. ரிப்பேர் கடையில் முதலாளி என்னைச் செருப்பால் அடிக்க ஓங்கியிருக்கிறார். அப்போதுகூட இப்படி இல்லை.

வரிசை முடிவாகி, கடிதங்கள் போவதற்கு முன்னால் எந்த ஹெட்டும் கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று ஒரு வழி இருந்தது. யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அறைக்குள் நுழைந்ததும் மூன்றாவது மாடி ஹெட் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, "வந்துட்டாருப்பா குரு! இனிமே தூக்கம் வராது" என்றார். எல்லாரும் சிரிப்பதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டார்கள். அந்த முகங்களை அப்படி வளர்த்துவிட்டவன் நான்.

"அன்னைக்கு நான் ஒரு ஜோக் சொன்னேன்" என்றேன். அதற்கே ஒருவர் சிரித்துவிட்டார். நான் காத்திருந்தேன். "அது பொய் ஸார். அவங்க தினமும் வர்றாங்க. என்ன செய்றாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்றதுக்கு எனக்கு இங்கிலீஷ் வரல. அதனால ஜோக் சொன்னேன்."

பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இடையில் கன்னடம் போட்டு, வராத இடத்தில் பலகையில் படம் போட்டுச் சொன்னேன். முன்பு பண்டிகை நாளில் எப்படி இருந்தது, அவள் எதைப் பிரித்தாள், எப்படிக் கட்டினாள், ஞாயிற்றுக்கிழமை நான் அதில் கை வைத்ததும் ஓசூரில் என்ன ஆனது என்று எல்லாம். லாரிச் சண்டையைச் சொல்லும்போது அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஜோக் இல்லாமல் பேசுவது துணி இல்லாமல் பேசுவது போல இருந்தது.

பெரிய ஸார் முழுக்கக் கேட்டார். "இதை அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"பயம் ஸார்."

அவர் கோபப்படவில்லை. பேனாவை மேசையில் உருட்டினார். "இப்போ எல்லா இடமும் நிரம்பியாச்சு. இவங்களை மேலே ஏத்தணும்னா உங்க டீம்ல இன்னொருத்தரை இறக்கணும். யாரை இறக்கறீங்க, சொல்லுங்க."

என் டீமில் மேலே இருந்தவன், அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க்கொண்டே வேலை பார்த்தவன். அவனுக்காக நான் அன்றைக்கு ஒழுங்காகப் பேசியிருந்தேன், அவன் பேர் சாப்பாட்டுக்கு முன்னால் வந்ததால், பயம் ஏறுவதற்கு முன்னால். அவனை இறக்க எனக்கு வாய் வரவில்லை. "யாரும் இல்ல ஸார்" என்றேன்.

"அப்போ அடுத்த வருஷம்" என்றார்.

அவளிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். கேட்டேன், கிடைக்கவில்லை, நேரம் தாண்டிவிட்டது என்றேன். "கேட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். "கேட்டேன்." தலையை ஆட்டினாள். "மூணாவது மாடில லீட் எடம் ஒண்ணு காலியா இருக்கு ஸார். அப்ளை பண்ணியிருக்கேன். அவங்க உங்களாண்டதான் வந்து விசாரிப்பாங்க." அவ்வளவுதான் சொன்னாள். எதற்கும் கெஞ்சவில்லை.

மூன்றாவது மாடி ஹெட் டீ டம்ளரோடு என் அறைக்கு வந்தார். "ஏன் குரு, உன் டிபன் டப்பா பொண்ணு எங்ககிட்ட வரேன்னு சொல்லுது. எடுக்கலாமா, வேணாமா, பேடவா? நீயே இருக்காளா இல்லையான்னு தெரியாதுன்னவன்."

"உக்காருங்க" என்றேன். கூட்டத்தில் சொன்னதை மறுபடி சொன்னேன். இந்தமுறை தமிழில், நிதானமாக. அவர் டீ ஆறிப்போனது.

"இவ்ளோ நல்லா இருக்கா, பின்ன ஏன் குரு விடறே?"

"நான் விடல. அவங்க போறாங்க."

"ஏன்?"

"என்னால" என்றேன். அவர் ஒரு வினாடி அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரும் என்று. வரவில்லை என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கேன்டீன்ல நானும் ஸ்வல்ப ஓவராத்தான் போயிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். போகும்போது, "எடுத்துக்கறேன். ட்யூட்டி போன் எங்ககிட்ட லீடுக்குக் கிடையாது, சொல்லிடு" என்றார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன். நல்ல செய்தியைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

எங்கள் மாடியிலிருந்து அவள் போகிற அன்று கேக் வாங்கினார்கள். யார் போனாலும் கேக் வாங்குவோம், ஹெட் ரெண்டு வார்த்தை பேசுவார். அதுதான் வழக்கம். இதற்குமுன் போனவர்கள் எல்லாருக்கும் நான் அடித்த ஜோக்குகளை இன்னும் சிலர் சொல்லிச் சிரிப்பார்கள். மேசையைச் சுற்றிப் பையன்கள் காகிதத் தட்டுகளோடு நின்றார்கள். அவள் கத்தியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

நான் தொண்டையைச் செருமினேன். போன தீபாவளிக்கு நாம் எல்லாரும் இங்கே உட்கார்ந்து முறுக்குத் தின்றோம், அதற்குக் காரணம் இவங்கதான் என்று ஆரம்பித்தேன். என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று சொன்னேன். புதிதாகச் சேர்ந்த சிலருக்கு அது அன்றுதான் தெரிந்தது. அவளை இங்கேயே லீட் ஆக்கியிருக்க வேண்டும், அது என் வேலை, நான் செய்யவில்லை என்றும் சொன்னேன். எல்லாரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேக்கைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பையன் அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "ஸார், ஜோக் இல்லியா?" என்றான்.

"போதும்பா. க்ரீம் உருகுது" என்றாள் அவள்.

கேக்கை வெட்டினாள். எல்லாருக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டி, "தேங்க்ஸ் ஸார்" என்றாள். பெட்டியோடு ஒட்டியிருந்த ஓரத்துத் துண்டு. நின்றபடியே அதைத் தின்று முடித்தேன்.